முதல் நூறு

மேலப்பொன்னகரம். கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
பதினொன்றரை மணிக்கு என் நிழல்
செருப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

காம்பவுண்டு வாசலில் நாய் ஜாக்கிரதை.
நாய் செத்து இரண்டு வருடம் ஆகிறது.
பலகைக்கு மேலே வாரியத்தின் மீட்டர்,
ஈய முத்திரையோடு.
என் கணக்கில் இது ஒரு வீடு.

உள்ளே போனால் ஆறு.
ஆறு கதவு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ்,
சுவரில் ஆறு குட்டி மீட்டர்கள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
யாரோ நகப்பூச்சில் எழுதிய எண்.

குட்டி மீட்டரை நான் படிக்கக் கூடாது.
அது வீட்டுக்காரர் கணக்கு.
ஒன்றாம் தேதி ராத்திரி டார்ச் அடித்து
அவரே வந்து படிப்பார்.
யூனிட்டுக்குப் பத்து ரூபாய்.

மூன்றாம் எண்ணில் மாரீஸ்வரி.
நைட்டிக்கு ஜிப் வைத்துக் கொடுக்கிறாள்,
உருப்படிக்கு நாலு ரூபாய்.
மெஷினின் மோட்டார் பெல்ட்
ஆணியில் தொங்குகிறது, காலண்டருக்குப் பக்கத்தில்.
காலால் மிதித்துக்கொண்டே பேசினாள்:
"மோட்டார்ல இருவது தச்சா
அதுல நாலு கரண்டுக்குத் தைக்கணும் சார்."

ஈரத் துணியால் துடைத்த சிமெண்டுத் தரையில்
பிள்ளை குப்புறக் கிடந்து தூங்குகிறான்.
தலைக்கு மேலே ஃபேன் சும்மா நிற்கிறது.
அதற்கு ராத்திரி டூட்டி.

"நூறு யூனிட்டு சும்மாங்கறாங்களே,
அது எங்க சார் வருது?"

வாசல் மீட்டரைப் பேனாவால் காட்டினேன்.
இந்தா, இது வரைக்கும் வருது.

"அப்புறம்?"

அப்புறம் என்பதற்கு
என் கைக்கருவியில் பொத்தான் இல்லை.

ஆறு வீடு சேர்ந்து அந்த நூறை
எட்டே நாளில் குடித்துவிடும்.
அதற்குமேல் ரேட்டு படிப்படியாக ஏறும்,
ஆயிரத்தைத் தொட்டால் வீட்டுக்காரருக்கே கிறுகிறுக்கும்.
அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மோர் தருவார்.
அழகர் ஆற்றில் இறங்கும் அன்று
தெருமுனையில் பந்தல் போட்டு
போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ரோஸ்மில்க் ஊற்றுவார்.
ஐஸ் அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்துதான்.

படிக்கக் கூடாததைப் படித்தேன்.
மூன்றாம் எண்: 4622.
கீழே சுவரில் அவளே பென்சிலால் குறித்திருந்தாள்,
இரண்டு மாதத்துக்கு முந்தையது: 4512.
நூற்றிப்பத்து.
மீட்டர் அவள் பேரில் இருந்தால்
பத்து யூனிட்டுக்குத்தான் பில்.
டீ வடைக்காசு.
கொடுப்பது ஆயிரத்து நூறு.

தனி இணைப்புக்கு எழுதிப் போடுங்க, என்றேன்.
வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வேணும்.
கையெழுத்து என்றதும்
நாலாம் எண்ணில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.
மாரீஸ்வரி மேலே மாடியைப் பார்த்தாள்,
பிறகு பிள்ளையை,
பிறகு ஜிப்பின் பல்லில் சிக்கிய நூலைக்
கடித்துத் துப்பினாள்.
"போன வருசம் அஞ்சாம் நம்பர்க்காரங்க கேட்டாங்க.
இப்ப அவனியாபுரத்துல இருக்காங்க."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
பழங்காநத்தத்தில் நானும் வாடகைக்குத்தான்,
மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
பன்னிரண்டு வருடமாக
இந்த ஊருக்கு நூறு நூறாகக் கழித்துத் தருகிறேன்.
அதில் ஒரு யூனிட்கூட
என் அறைக்குப் படியேறி வந்ததில்லை.
எங்க வீட்டுக்காரரும் டார்ச்சோடதாம்மா வருவாரு.
யூனிட்டுக்கு ஒம்பது.

மிதி நின்றது.
"ஒம்பதா?"
முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கம் போர்ஷன் ஏதும்
காலியா இருக்கா சார்?"